ரைபோசோம் டிஸ்ப்ளே வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

செல் எதுவும் இல்லாமல் டியூபுக்குள்ளேயே புரதங்களைப் பரிணமிக்க வைத்து, வேலை செய்கிறவற்றைப் பிரித்தெடுக்க மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. ரைபோசோம் டிஸ்ப்ளேயில் புரதமும் அதற்கான எம்ஆர்என்ஏவும் (ஜீனின் செய்தி நகல்) அதைப் படித்துப் புரதம் கட்டும் ஒரே ரைபோசோமை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஹேன்ஸும் ப்ளூக்துனும் 1997இல் மடிந்த முழுப் புரதத்துக்கே இது நடக்கும் என்று காட்டினார்கள். அதே ஆண்டு ராபர்ட்ஸும் ஷோஸ்டாக்கும் எம்ஆர்என்ஏவின் நுனியில் பியூரோமைசினை (வளரும் புரதத்தோடு வேதிப்பிணைப்பாக இணையும் மூலக்கூறு) வைத்து, புரதத்தை அதோடு நேரடியாகவே இணைத்தார்கள், அதுதான் எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளே. 1998இல் டாஃபிக்கும் கிரிஃபித்ஸும் எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளுக்குள் ஒரு ஜீன், ஒரு துளி என்று அடைத்தார்கள். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: புரதமும் அதன் ஜீனும் பிரியக்கூடாது.

பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏவை ஏற்றும் வேலையே இல்லாததால், லட்சம் கோடி வகைகள் கொண்ட லைப்ரரியை (வெவ்வேறு ஜீன்களின் கலவையை) ஒரே டியூபில் கையாளலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எண்ணிப் பார்க்க காலனி கிடையாது, கண்ணால் பார்க்க எதுவும் கிடையாது, ஒரு சுற்று (புரதம் கட்டி, ஒட்டுவதைப் பிடித்து, அதன் ஜீனைப் பெருக்குவது) முழுக்க முடிந்த பிறகு ஜெல்லில் தெரிகிற பிசிஆர் பேண்ட் (பெருக்கிய டிஎன்ஏவின் கோடு) ஒன்றுதான் சாட்சி. தப்பு அதற்கு ஐந்து படிக்கு முன்னால் நடந்திருக்கும். அதனால் பேண்டைப் பார்த்தவுடன் பஃபரை மாற்றுவது, புரதம் ஒட்டவேண்டிய இலக்கான ஆன்டிஜனைக் கூட்டுவது என்று இறங்காமல், எந்தக் கண்ணி அறுந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்குத்தான். பெரும்பாலும் ரைபோசோம் டிஸ்ப்ளே பற்றியே பேசுகிறேன், மற்ற இரண்டும் நடுவில் வரும்.

எதற்கும் முன்னால் கன்ட்ரோல். நன்றாக ஒட்டும் என்று தெரிந்த ஒரு புரதத்தின் ஜீனையும், ஒட்டாது என்று தெரிந்த ஒன்றையும் எடுத்து, ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒட்டுவது எத்தனை மடங்கு செறிவடைந்தது என்று பாருங்கள். இரண்டு ஜீனும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் வெட்டுமிடம் (குறிப்பிட்ட என்சைம் டிஎன்ஏவை வெட்டும் இடம்) இருந்தால் பிரித்துப் பார்ப்பது சுலபம். நீளம் வேறுபட்டால் பிசிஆர் குட்டையானதைத் தானாகவே பெருக்கிவிடும், நீங்கள் அதைச் செறிவு என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்த ஒரு சோதனை செய்யாமல் லைப்ரரியைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் லைப்ரரியில் என்ன வரவேண்டும் என்று யாருக்கும் தெரியாது, கன்ட்ரோலில் தெரியும்.

அறிகுறி: பேண்டே இல்லை, கன்ட்ரோலிலும் இல்லை

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில், தேர்வுக்கே போகாத எம்ஆர்என்ஏவைப் பல மடங்கு நீர்க்கச் செய்து, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் அதே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்‌ஷன், அதே பிசிஆரில் போடுங்கள். அதிலும் பேண்ட் வரவில்லை என்றால் பிரச்சினை என்சைமிலோ பிரைமரிலோ (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ) இருக்கிறது, ரைபோசோமைக் குறை சொல்ல வேண்டாம். எம்ஆர்என்ஏவின் இரண்டு நுனியிலும் நியூக்ளியேஸிடமிருந்து (ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைம்) காக்க ஸ்டெம் லூப் (தன்மேலேயே மடிந்த வளையம்) வைத்திருப்போம், 3' பக்கத்து லூப்பே சில சமயம் பிரைமர் உட்காரவிடாமல் தடுக்கும். லூப்புக்கு உள்பக்கமாக, ஸ்பேசர் (புரதத்துக்குப் பின்னால் வரும் இடைவெளித் துண்டு) பகுதியில் பிரைமரை வைத்து, அதிக வெப்பத்தில் வேலை செய்யும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அது சரியாக வந்தால், எல்யூஷனை, அதாவது பிடித்ததை விடுவிக்கும் படியைப் பாருங்கள். ரைபோசோமை உடைத்து எம்ஆர்என்ஏவை விடுவிக்க 20 மில்லிமோலார் அளவில் ஈடிடிஏ (மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) சேர்ப்பது வழக்கம். அந்த ஈடிடிஏ அடுத்த படிக்குப் போய்விட்டால் அங்கே இருக்கிற மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் படுத்துவிடும். எனவே நடுவில் ஆர்என்ஏவைச் சுத்தம் செய்யும் ஒரு காலம் (column) கட்டாயம். வெளியே வருகிற எம்ஆர்என்ஏ மிகமிகக் குறைவு, அது டியூப் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும், ஆகவே எல்யூஷன் பஃபரில் ஈஸ்ட் ஆர்என்ஏ கொஞ்சம் சேருங்கள்.

அடுத்து மெக்னீசியம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ரைபோசோமின் இரண்டு பாகங்களும் சேர்ந்திருப்பது மெக்னீசியத்தாலும் குளிராலும்தான். டிரான்ஸ்லேஷனை நிறுத்தும் பஃபரில் 50 மில்லிமோலார் மெக்னீசியம் அசிடேட், எல்லாம் ஐஸில் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும், கழுவுகிற ஒவ்வொரு பஃபரிலும் அதே அளவு மெக்னீசியம். பீட்ஸை (ஒட்டியதைப் பிடிக்கும் காந்த மணிகளை) ஆன்டிஜனோடு தயார் செய்யும்போது சாதாரண பிபிஎஸ் (மெக்னீசியம் இல்லாத உப்பு பஃபர்) பயன்படுத்தியிருப்பார்கள், அதே பாட்டிலை எடுத்து கடைசிக் கழுவலையும் செய்துவிட்டால் போச்சு, காம்ப்ளக்ஸ் (புரதம், எம்ஆர்என்ஏ, ரைபோசோம் மூன்றும் சேர்ந்தது) எல்லாம் கழுவிய நீரோடு போய்விடும். பீட்ஸையும் டியூபையும் டிப்பையும் கூட குளிர்வித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் காந்த ஸ்டாண்டில் நிமிடக்கணக்கில் வைப்பது நல்லதில்லை.

இதெல்லாம் சரி என்றால் எம்ஆர்என்ஏ. டிரான்ஸ்லேஷனுக்கு முன்பும் பின்பும் ஒரு துளி எடுத்து டீநேச்சரிங் ஜெல்லில் ஓட்டுங்கள். முன்பே சிதைந்து இழுவிக்கொண்டு தெரிந்தால் டிஎன்ஏவிலிருந்து எம்ஆர்என்ஏ எடுக்கும் டி7 டிரான்ஸ்கிரிப்‌ஷனிலோ சேமிப்பிலோ தவறு. முன்பு நன்றாக இருந்து பின்பு காணவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டில் (புரதம் கட்டப் பயன்படும் செல் சாறு) இருக்கும் நியூக்ளியேஸ் தின்றுவிட்டது. ஈ. கோலை எஸ்30 எக்ஸ்ட்ராக்ட் என்றால் 37 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் உச்சம் வந்துவிடும், அதற்கப்புறம் புரதம் கூடாது, எம்ஆர்என்ஏதான் குறையும். 4, 6, 8, 10, 15 நிமிடங்களில் எடுத்துப் பார்த்து உங்கள் எக்ஸ்ட்ராக்டின் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு பேட்ச் எக்ஸ்ட்ராக்டுக்கும் மெக்னீசியம், பொட்டாசியம் அளவுகளைப் புதிதாகச் சரிபார்க்கவும் வேண்டும். போன பேட்சின் எண் இந்தப் பேட்சுக்கு உதவாது. இதோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால், சுத்தம் செய்த கூறுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய ப்யூர் சிஸ்டம் இருக்கிறது. ஷிமிசுவும் உவேடாவும் அவர்கள் குழுவும் 2001இல் வெளியிட்டது. அதில் நியூக்ளியேஸ் மிகக் குறைவு, புரதத்தை ரைபோசோமிலிருந்து விடுவிக்கும் ரிலீஸ் ஃபேக்டர்களைச் சேர்க்காமலே விட்டுவிடலாம். செலவு கூடுதல், ஆனால் எங்கே தப்பு என்று தேடும் காலத்தில் அது நிறைய சந்தேகங்களை ஒரேயடியாக நீக்கிவிடும்.

கடைசியாக, கட்டமைப்பு. ஸ்டாப் கோடான் (புரதம் முடிந்தது என்னும் குறி) எங்காவது ஒளிந்திருக்கிறதா? 3' பிரைமரிலேயே இருக்கலாம், பழைய பிளாஸ்மிடிலிருந்து வந்திருக்கலாம். ஸ்டாப் இருந்தால் ரிலீஸ் ஃபேக்டர் வந்து புரதத்தை வெட்டி விட்டுவிடும். அதேபோல் ஸ்பேசர்: ரைபோசோமின் சுரங்கம் கடைசி முப்பது, நாற்பது அமினோ அமிலங்களை மூடி வைத்திருக்கும், எனவே உங்கள் புரதத்துக்குப் பின்னால் டோல்ஏ (ஈ. கோலையின் ஒரு புரதம்) போன்ற ஒரு நீண்ட ஸ்பேசர் இல்லையென்றால் அது வெளியே வந்து மடியவே இடமிருக்காது. அப்புறம், ஸ்டாப் இல்லாமல் நுனியில் நின்றுபோன ரைபோசோமை மீட்க ஈ. கோலை வைத்திருக்கிற டிஎம்ஆர்என்ஏ, நீங்கள் வேண்டுமென்றே நிறுத்தி வைத்த புரதத்தையும் விடுவித்துவிடும். எஸ்30இல் அதற்கெதிரான ஆன்டிசென்ஸ் ஒலிகோவைச் (அதோடு ஒட்டி அதை முடக்கும் குட்டை இழை) சேர்ப்பது இதற்காகத்தான்.

எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளே செய்பவர்களுக்கு இந்த அறிகுறி பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் பிறக்கிறது. பியூரோமைசின் லிங்கர் எம்ஆர்என்ஏவோடு சேர்ந்ததா என்று யூரியா ஜெல்லில் பாருங்கள், பேண்ட் மேலே நகர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தும் புரதம் இணையவில்லை என்றால், டிரான்ஸ்லேஷன் முடிந்த பிறகு பொட்டாசியமும் மெக்னீசியமும் நிறையச் சேர்த்து வைத்திருங்கள், ரைபோசோம் நுனியில் நின்று பியூரோமைசின் உள்ளே நுழைய அது நேரம் கொடுக்கும்.

அறிகுறி: ஆன்டிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு பேண்ட்

முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காமல் ஒரு டியூப். அதிலும் பேண்ட் வந்தால் நீங்கள் பார்ப்பது எம்ஆர்என்ஏவே இல்லை, டிரான்ஸ்கிரிப்‌ஷனில் போட்ட டிஎன்ஏ கூடவே வந்து பெருகியிருக்கிறது. டிஎன்ஏஸ் போட்டு, சுத்தம் செய்து, மறுபடியும் அதே கன்ட்ரோல். இது எளிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் பலரின் பல வாரங்களை இதுதான் விழுங்குகிறது.

அது சுத்தமாக இருந்தால் சைக்கிள் எண்ணிக்கையைப் பாருங்கள். 35, 40 சைக்கிள் ஓட்டினால் ஆயிரம் மடங்கு வித்தியாசமும் ஜெல்லில் சமமாகத்தான் தெரியும், இரண்டுமே உச்சத்தைத் தொட்டு நின்றிருக்கும். 20, 25, 30 சைக்கிளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஓட்டுங்கள், குவான்டிடேடிவ் பிசிஆர் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே மூன்று சைக்கிளுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு.

அதற்கும் பிறகு சமமாகவே இருந்தால், இது நோயே இல்லாமல் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். லைப்ரரியில் நூறு கோடியில் ஒன்றுதான் ஒட்டக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுவதில் நூற்றில் ஒன்று திரும்பக் கிடைக்கிறது, ஒட்டாததில் பத்தாயிரத்தில் ஒன்று சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படியென்றால் சுற்றுக்கு நூறு மடங்கு செறிவு, மோசமான எண் இல்லை. மூன்று சுற்று முடிந்த நிலையில் ஒட்டுவது ஆயிரத்தில் ஒன்று ஆகியிருக்கும். நான்காம் சுற்றில் அதிலிருந்து வரும் பங்கு, சும்மா ஒட்டியதன் பத்தில் ஒரு பங்குதான், எந்த ஜெல்லிலும் தெரியாது. ஐந்தாம் சுற்றில் திடீரென்று பத்து மடங்கு வித்தியாசம் வரும். ஆக நான்கு சுற்று எதுவும் தெரியாமல் போவது இந்தக் கணக்கில் இயல்பானது, அங்கே பயந்துபோய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டால் கிடைக்கவிருந்ததும் போய்விடும். உங்கள் சுற்று நூறு மடங்கு தருகிறதா, மூன்று மடங்குதானா என்பதை மேலே சொன்ன ஆயிரத்துக்கு ஒன்று கன்ட்ரோல் சொல்லிவிடும். மூன்று மடங்கு என்றால் பயப்படலாம்.

சும்மா ஒட்டுவதைக் குறைக்க: பிளாஸ்டிக் தட்டில் ஆன்டிஜனைப் பூசுவதை விட்டு, பயோட்டின் (ஸ்ட்ரெப்டாவிடின் பீட்ஸ் இறுகப் பிடிக்கும் சிறு மூலக்கூறு) போட்ட ஆன்டிஜனைக் கரைசலிலேயே ஒட்ட விட்டுப் பிறகு பீட்ஸால் பிடியுங்கள். ட்வீன் 20 சேருங்கள். ஹெப்பரின் நியூக்ளியேஸையும் அடக்கும், ஆர்என்ஏ பரப்பில் ஒட்டுவதையும் குறைக்கும். கழுவும்போது நடுவில் ஒருமுறை டியூபையே மாற்றுங்கள், சுவரில் ஒட்டியது அங்கேயே தங்கிவிடும். பால் பவுடர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கவனம்: பாலில் பயோட்டின் இருக்கிறது, அது ஸ்ட்ரெப்டாவிடின் பீட்ஸின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பாலை முன்கூட்டியே கொஞ்சம் ஸ்ட்ரெப்டாவிடின் பீட்ஸோடு கலக்கி, பீட்ஸை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: செறிவு நன்றாக வருகிறது, ஆனால் தனித்தனியாகச் சோதித்தால் ஆன்டிஜனில் ஒட்டவில்லை

அவை வேறு எதிலோ ஒட்டுகின்றன. நீங்கள் டியூபில் வைத்த எல்லாமே இலக்குதான், தேர்வுக்கு உங்கள் ஆன்டிஜன் எது என்று தெரியாது. வரிசையைப் படித்தால் ஹிஸ்டிடின், புரோலின், குளூட்டமின் என்ற மூன்றும் அடுத்தடுத்து திரும்பத் திரும்ப வருகிறதா? அது ஸ்ட்ரெப்டாவிடினில் ஒட்டுவதற்குப் பேர்போன அடையாளம். தீர்வு, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஆன்டிஜன் இல்லாத வெறும் பீட்ஸில் ஒருமுறை வடிகட்டுவது, கூடவே ஒரு சுற்று ஸ்ட்ரெப்டாவிடின், அடுத்த சுற்று நியூட்ராவிடின் என்று மாற்றிக்கொண்டே போவது. இன்னொரு உறுதியான சோதனை: கரைசலில் பயோட்டின் போடாத ஆன்டிஜனை நிறையச் சேருங்கள், பேண்ட் மங்கினால் அது உண்மையான பிணைப்பு, மங்கவில்லை என்றால் பீட்ஸையோ பிளாஸ்டிக்கையோ சந்தேகியுங்கள்.

எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளேயில் இன்னொரு திருடன் உண்டு. புரதம் சும்மா இருக்க, ஆர்என்ஏவே மடிந்து அப்டமராக இலக்கில் ஒட்டிவிடும். தேர்வுக்கு முன்பே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்‌ஷன் செய்து ஆர்என்ஏவை டிஎன்ஏவோடு இரட்டை இழையாக்கிவிட்டால் அது மடிய முடியாது, நியூக்ளியேஸிடமிருந்தும் பாதுகாப்பு.

அறிகுறி: சுற்றுக்குச் சுற்று பேண்ட் குட்டையாகிறது, அல்லது மேலே இழுவிக்கொண்டு போகிறது

குட்டையாவது என்றால் நடுவில் துண்டு இழந்த ஜீன்கள் ஜெயிக்கின்றன, பிசிஆரிலும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்‌ஷனிலும் டிரான்ஸ்லேஷனிலும் குட்டையானதற்கே வேகம் அதிகம். ஜெல்லிலிருந்து சரியான நீளத்தை வெட்டி எடுங்கள், சைக்கிளைக் குறையுங்கள், முழுக் கட்டமைப்பையும் பிசிஆரில் இழுத்துக்கொண்டே போகாமல் நடுவிலுள்ள ஜீன் பகுதியை மட்டும் பெருக்கி, புரமோட்டரும் ஸ்பேசரும் கொண்ட புதிய வெக்டரில் ஒவ்வொரு சுற்றும் இணையுங்கள். கடைசியாகச் சொன்னது கூடுதல் வேலைதான், ஆனால் ஸ்பேசரில் சேரும் பழுதுகளும் அதோடு ஒழியும். மேலே இழுவுவது பெரும்பாலும் பிரைமர் தீர்ந்தபின்னும் சைக்கிள் ஓடியதால் வருவது. பொருந்தாத இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். நீர்க்கச் செய்து, புதிய பிரைமரோடு ஓரிரு சைக்கிள் ஓட்டினால் பேண்ட் திரும்பவும் கூர்மையாகும்.

அறிகுறி: இரண்டே சுற்றில் எல்லா வரிசையும் ஒன்றுபோல இருக்கிறது

அது உங்கள் கன்ட்ரோல் புரதத்தின் வரிசையா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் மாசு. பிசிஆருக்கு முந்தைய வேலையையும் பிந்தைய வேலையையும் வேறு வேறு அறையில், வேறு பைப்பெட்டில் செய்யுங்கள். கன்ட்ரோல் ஜீனில் புரதத்தை மாற்றாத ஒரு குறிமாற்றம் வைத்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

இல்லை என்றால், லைப்ரரி நீங்கள் நினைத்த அளவில் இல்லை. 1000 எழுத்து நீள எம்ஆர்என்ஏ 10 மைக்ரோகிராம் என்றால் ஏறக்குறைய 18 லட்சம் கோடி மூலக்கூறுகள், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு மூலமான டிஎன்ஏவை 10 நானோகிராமிலிருந்து பெருக்கியிருந்தால், அதில் இருந்தது சுமார் 930 கோடி மூலக்கூறுகள்தான். அதற்குப் பிறகு எவ்வளவு பெருக்கினாலும் புதிய வகை பிறக்காது, அதே 930 கோடியின் நகல்கள்தான். எண்ணிக்கை சுருங்கும் பாட்டில் கழுத்து எங்கே என்று ஒவ்வொரு படியிலும் மூலக்கூறு எண்ணிக்கையில் கணக்கெழுதுங்கள், நானோகிராமில் எழுதினால் கண்ணில் படாது. ஸ்டாப் கோடானையும் கணக்கில் சேருங்கள்: என்என்கே கோடானில் (முதல் இரண்டு எழுத்து எதுவாகவும், மூன்றாவது ஜி அல்லது டி மட்டும்) 32இல் ஒன்று ஸ்டாப், 80 இடங்களை அப்படி விட்டால் ஸ்டாப் இல்லாமல் முழுசாக வருவது 8 சதவீதம்தான், என்என்என் (மூன்று எழுத்தும் எதுவாகவும்) என்றால் 2 சதவீதம்தான். கீஃபும் ஷோஸ்டாக்கும் 2001இல் 80 இடம் தற்செயலாக அமைந்த, 6 லட்சம் கோடி வகை கொண்ட லைப்ரரியிலிருந்து ஏடிபியில் ஒட்டும் புரதங்களை எடுத்தபோது கிடைத்தவை நான்கே குடும்பங்கள். அப்படிப்பட்ட இடத்தில் லைப்ரரி நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் மிஞ்ச எதுவுமில்லை.

அறிகுறி: ஒட்டுகிறது, ஆனால் பிணைப்பு வலுவாகவே மாட்டேன் என்கிறது

ஆன்டிஜன் அளவு அதிகமாக இருக்கும். எல்லாருக்கும் இடம் இருந்தால் வலுவானதற்கும் சுமாரானதற்கும் வித்தியாசமே இல்லை. சுற்றுக்குச் சுற்று ஆன்டிஜனைக் குறைத்து, நீங்கள் விரும்பும் பிரிகை மாறிலிக்கு (புரதத்தில் பாதி ஒட்டியிருக்கும் ஆன்டிஜன் செறிவு) கீழே கொண்டுபோங்கள். நானோமோலாருக்குக் கீழே போன பிறகு, பிரியும் வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது: பயோட்டின் ஆன்டிஜனில் ஒட்டவிட்டு, பிறகு பயோட்டின் இல்லாததைப் பெருமளவில் கொட்டிக் காத்திருப்பது. எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. பிரியும் வேகம் நொடிக்கு பத்தாயிரத்தில் ஒன்று என்றால் பாதி பிரிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், அதை வெல்லும் ஒன்றைத் தேடும்போது அரைமணி காத்திருப்பு ஒன்றையும் பிரிக்காது. பல மணி நேரம், தேவைப்பட்டால் நாள்கணக்கில் விடுங்கள், குளிரும் மெக்னீசியமும் இருந்தால் காம்ப்ளக்ஸ் தாங்கும்.

பிழைகளோடு பெருக்கும் பிசிஆரின் அளவையும் பாருங்கள். பிழையைக் கூட்டச் சேர்க்கும் மாங்கனீஸ் கூடிப்போய் ஜீனுக்கு பத்து, பதினைந்து மாற்றம் விழுந்தால் நல்ல மாற்றத்தோடு நாலு கெட்டதும் ஏறி, மடிவதே கெட்டுவிடும். சில சுற்று மாற்றம், அப்புறம் ஸ்டெம்மர் 1994இல் காட்டிய டிஎன்ஏ ஷஃப்ளிங் போல ஜெயித்தவற்றைக் கலந்து கெட்டதைக் கழிப்பது, இப்படி மாறி மாறிப் போவது நல்லது.

அறிகுறி: நீர்த்துளிகளில் செயல்படும் என்சைமும் செயல்படாததும் சமமாக வருகின்றன

ஒட்டுவதை வைத்து என்சைமைத் தேர்ந்தெடுக்க முடியாது, வினை நடக்க வேண்டும், அதற்குத்தான் துளி. ஆனால் துளிக்கு சராசரி ஒரு ஜீன் என்று போட்டால், ஜீன் உள்ள துளிகளில் 42 சதவீதத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கும். பத்துத் துளிக்கு ஒரு ஜீன் என்றால் அது 5 சதவீதமாகக் குறையும். இதைச் சரிசெய்தும் தீரவில்லை என்றால், செயல்படும் ஜீனுக்கு ஒரு எமல்ஷன் (எண்ணெயில் துளிகள் கொண்ட கலவை), செயல்படாததற்கு வேறொரு எமல்ஷன் என்று தனித்தனியாகச் செய்து, பிறகு இரண்டையும் கலந்து ஓட்டுங்கள். செயல்படாததும் ஜெயித்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன, அல்லது விளைபொருள் எண்ணெய் வழியாகக் கசிகிறது. நீரை விரும்பாத சின்ன மூலக்கூறுகள் நன்றாகவே கசியும். விளைபொருளை ஜீனோடு பிணைத்து வைப்பதோ, மின்னூட்டமுள்ள சப்ஸ்ட்ரேட்டுக்கு (என்சைம் மாற்றும் பொருள்) மாறுவதோதான் வழி.

அறிகுறி: ரைபோசோமில் பிரமாதமாக ஒட்டுகிறது, தனியாகத் தயாரித்தால் திரண்டு விழுகிறது

இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பிரச்சினை, ஏனென்றால் எல்லாம் சரியாகப் போனபின் வருகிறது. 25 லட்சம் டால்டன் எடையுள்ள ரைபோசோம், தன் நுனியில் தொங்கும் சின்னப் புரதத்தைக் கரைசலிலேயே தாங்கிப் பிடிக்கிறது. பக்கத்தில் இன்னொரு நகல் வந்து உரசுவதும் அரிது. அரைகுறையாக மடிந்த ஒன்றுகூட அங்கே ஒட்டிக் காட்டிவிடும். அதனால் தேர்வில் நிலைப்புத்தன்மைக்கும் ஒரு வடிகட்டி வையுங்கள். டைசல்ஃபைட் பிணைப்பு தேவைப்படும் ஆன்டிபாடித் துண்டு என்றால் ஆரம்பச் சுற்றுகளில் டிடிடி (டைசல்ஃபைட் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) இல்லாத எக்ஸ்ட்ராக்டும் டைசல்ஃபைட் ஐசோமரேஸும் வேண்டும், இல்லாவிட்டால் அது மடியவே மடியாது. பிற்பாடு, சுற்றுக்குச் சுற்று டிடிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் அந்தப் பிணைப்பு பலவீனமானாலும் மடிந்து நிற்கிற உறுதியானவை மட்டும் மிஞ்சும். கொஞ்சம் சூடாக்கி, திரண்டதைச் சுழற்றிக் கீழே தள்ளிவிட்டுப் பிறகு தேர்ந்தெடுப்பதை ரைபோசோமில் செய்ய முடியாது, சூட்டில் ரைபோசோமே பிரிந்துவிடும். எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளேயில் செய்யலாம், அங்கே பிணைப்பு வேதிப்பிணைப்பு. கடைசிச் சுற்றுவரை காத்திருக்காமல், மூன்றாவது நான்காவது சுற்றிலேயே சில குளோன்களை எடுத்து ஸ்பேசர் இல்லாமல் தயாரித்து, மூலக்கூறுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்குளூஷன் காலத்தில் (column) ஒற்றை மூலக்கூறாக இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்காதவை பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த சுற்றின் நிபந்தனையை அங்கேயே மாற்றிவிடலாம்.